மூடியைச் சாத்தினால் உறக்கம், திறந்தால் வேலை: லினக்ஸ் மடிக்கணினியில் சஸ்பென்ட், ரெஸ்யூம் நிகழ்வுகளைக் கையாள முழுமையான வழிகாட்டி

மூடியைச் சாத்தினால் மடிக்கணினி உறங்க வேண்டும் (சஸ்பென்ட்). திறந்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர வேண்டும் (ரெஸ்யூம்). பயனர் கேட்பது இவ்வளவுதான். ஆனால் இது நடக்க ஃபர்ம்வேர் (வன்பொருளில் பதிந்த அடிப்படை மென்பொருள்), கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்), சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்), டெஸ்க்டாப், நாம் எழுதும் நிரல் என ஆறு அடுக்குகள் சரியான வரிசையில் ஒத்துழைக்க வேண்டும். ஓர் அடுக்கு பிசகினாலும் பையைத் திறக்கும்போது கணினி சூடாக இருக்கும். அல்லது திரை கறுப்பாகவே நிற்கும். அல்லது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்தும் வைஃபை மட்டும் வராது.

இந்த வழிகாட்டி, சிஸ்டம்டி இயங்கும் லினக்ஸ் பகிர்வுகளுக்கானது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் ஆகியவற்றில் இதைப் பின்பற்றலாம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்; கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தன் கணினியைச் சரிசெய்ய நினைப்பவருக்கும், பிறர் கணினியில் ஓடப்போகும் நிரலை எழுதுபவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எந்த வேலையை எந்த அடுக்கில் செய்வது என்ற தேர்வில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு படியிலும் அதற்கு முக்கியத்துவம் தருகிறேன்.

படி 1: உங்கள் கணினிக்கு எந்த உறக்கம் தெரியும்?

1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வெளியிட்ட ஏபிஎம் என்ற மின்சக்தி மேலாண்மை முறையில் உறக்கத்தைக் கணினியின் ஃபர்ம்வேரான பயாஸே பெரும்பாலும் பார்த்துக்கொண்டது. 1996 டிசம்பரில் வந்த ஏசிபிஐ என்ற தரம் அந்தப் பொறுப்பை இயங்குதளத்திடம் மாற்றியது. எஸ்3, எஸ்4 என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. எஸ்3 நிலையில் ராம் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும். சிபியு உள்பட மற்றவை ஏறக்குறைய அணைந்துவிடும். எஸ்4 என்பது ஹைபர்னேட்: நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டுக் கணினி முழுவதும் அணையும்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 கிடையாது. அவற்றில் இருப்பது எஸ்2ஐடில். இதில் கணினி உண்மையில் அணைவதில்லை. நிரல்களை உறைய வைத்து, சாதனங்களைக் குறைந்த மின்நிலைக்கு அனுப்பி, சிபியுவை ஆழ்ந்த ஓய்வில் விடுகிறார்கள். விண்டோஸ் உலகில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று அழைக்கப்படுவதும் இதே அணுகுமுறைதான். விழிப்பு வேகமாக வரும். ஆனால் ஒரே ஒரு சாதனம் ஓய்வுக்குப் போக மறுத்தாலும் மொத்தக் கணினியும் ஆழ்நிலையை எட்டாமல் இரவு முழுவதும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்.

உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க, டெர்மினலில் '/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' கோப்பைப் படியுங்கள். 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற சொற்களில் ஒன்றோ இரண்டுமோ தெரியும். சதுர அடைப்புக்குள் இருப்பதே இப்போதைய தேர்வு. 'டீப்' என்றால் எஸ்3. இரண்டும் இருந்து எஸ்2ஐடில் தேர்வாகியிருந்தால், ரூட் (நிர்வாகி) உரிமையுடன் 'டீப்' என்ற சொல்லை அந்தக் கோப்பில் எழுதிச் சோதித்துப் பார்க்கலாம். இந்த மாற்றம் அடுத்த பூட் வரைதான் நிற்கும். ஒத்துவந்தால் கிரப் (கர்னலை ஏற்றும் பூட் நிரல்) அமைப்பில் கர்னலுக்கான அளவுருவாக 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' என்று சேர்த்து நிரந்தரமாக்குங்கள்.

'டீப்' பட்டியலிலேயே இல்லையென்றால் ஃபர்ம்வேர் அதைத் தரவில்லை என்று பொருள். பயாஸ் அமைப்பைத் திறந்து பாருங்கள். திங்க்பேட் மாதிரிகள் சிலவற்றில் உறக்க நிலை என்ற தேர்வில் 'லினக்ஸ்' என்று மாற்றினால் எஸ்3 கிடைக்கும். அங்கும் இல்லையென்றால் எஸ்2ஐடிலைச் சீராக்குவதே வழி. ஏசிபிஐ அட்டவணைகளைத் திருத்தி எஸ்3ஐ வலிந்து கொண்டுவரும் குறிப்புகள் இணையத்தில் உலவுகின்றன. தயாரிப்பாளர் சோதிக்காத நிலைக்குள் கணினியைத் தள்ளுவது அது. அன்றாட வேலைக்கான கணினியில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: வரிசையை மனத்தில் பதிய வையுங்கள்

அடுத்து வரும் எல்லாப் படிகளும் இந்த வரிசையைச் சார்ந்தவை. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மூடி சாத்தப்பட்டதும் ஏசிபிஐ வழியாகக் கர்னலுக்குத் தகவல் போகிறது. கர்னல் அதை ஓர் உள்ளீட்டு நிகழ்வாக வெளியிடுகிறது. சிஸ்டம்டியின் லாகின்டி சேவை (பயனர் அமர்வுகளையும் உறக்கத்தையும் கவனிப்பது) அதைக் கேட்டு, அமைப்புக் கோப்பின்படி என்ன செய்வது என்று முடிவெடுக்கிறது. உறங்குவது என்று முடிவானால், முதலில் டி-பஸ் (நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் அமைப்பு) வழியாக 'பிரிப்பேர்-ஃபார்-ஸ்லீப்' என்ற அறிவிப்பை 'ட்ரூ' மதிப்புடன் எல்லா நிரல்களுக்கும் அனுப்புகிறது. தாமதம் கேட்டிருக்கும் நிரல்களுக்காகச் சில நொடிகள் காத்திருக்கிறது. பிறகு 'சஸ்பென்ட்.டார்கெட்' தொடங்குகிறது (டார்கெட் என்பது சிஸ்டம்டி எட்ட வேண்டிய ஒரு நிலை).

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 'ஸ்லீப்.டார்கெட்' முதலில் எட்டப்படும். அதன் பின் 'சிஸ்டம்டி-சஸ்பென்ட்.சர்வீஸ்' ஓடும், கணினி உறங்குவதும் விழிப்பதும் இந்த ஒரே சேவையின் ஓட்டத்துக்குள் நடக்கிறது. விழித்து அந்தச் சேவை முடிந்த பிறகுதான் 'சஸ்பென்ட்.டார்கெட்' எட்டப்படும். அதாவது, சஸ்பென்ட் என்று பெயர் இருந்தாலும் அந்த டார்கெட் நிறைவேறுவது கண் விழித்த பிறகு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் யூனிட் கோப்புகள் (ஒரு வேலையைச் சிஸ்டம்டிக்கு விவரிக்கும் கோப்புகள்) எழுதுவது எளிதாகிவிடும்.

சேவையின் உள்ளே, முதலில் உறக்க ஸ்கிரிப்டுகள் ஓடும். பிறகு '/சிஸ்/பவர்/ஸ்டேட்' கோப்பில் 'மெம்' என்ற சொல் எழுதப்படும். அதற்குப் பின் எல்லாம் கர்னலின் பொறுப்பு. கோப்பு முறைமையில் எழுதாமல் தேங்கியிருப்பதை வட்டுக்கு அனுப்புகிறது. பயனர் நிரல்களை உறைய வைக்கிறது. சாதனங்களை ஒவ்வொன்றாக உறங்கச் சொல்கிறது. ஒரு சிபியு தவிர மற்றவற்றை நிறுத்துகிறது. கடைசியாக ஃபர்ம்வேரிடம் ஒப்படைக்கிறது. எஸ்2ஐடிலில் கடைசி இரண்டு வேலைகள் இல்லை. சிபியுக்கள் எல்லாம் ஓய்வுநிலையில் விடப்படுகின்றன. விழிக்கும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கிறது. எல்லாம் முடிந்ததும் லாகின்டி அதே அறிவிப்பை 'ஃபால்ஸ்' மதிப்புடன் மீண்டும் அனுப்புகிறது.

படி 3: மூடிக்கும் பொத்தானுக்கும் கொள்கை வகுத்தல்

மூடியைச் சாத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஸ்கிரிப்ட் எழுதவே வேண்டாம். '/இடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப்.டி' என்ற கோப்பகத்தில் '.கான்ஃப்' என முடியும் சிறு கோப்பு ஒன்றை உருவாக்கி, 'லாகின்' பகுதித் தலைப்பின் கீழ் மூன்று அமைப்புகளைக் கொடுத்தால் போதும். 'ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்' பொதுவான நிலைக்கு; 'ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்-எக்ஸ்டர்னல்-பவர்' சார்ஜரில் இருக்கும்போது; 'ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்-டாக்டு' டாக்கிலோ வெளித் திரையிலோ இணைந்திருக்கும்போது. கோப்பில் எழுதும்போது இந்தப் பெயர்களிலும், பின்னால் வரும் இதுபோன்ற அமைப்புப் பெயர்களிலும் இடைக்கோடு வராது. மதிப்பாக 'சஸ்பென்ட்', 'ஹைபர்னேட்', 'லாக்', 'இக்னோர்' போன்றவற்றைத் தரலாம். எதுவும் சொல்லாவிட்டால் மூடியைச் சாத்தினால் சஸ்பென்ட், டாக்கில் இருந்தால் எதுவும் செய்யாது. மாற்றியபின் கணினியை மறுபடி தொடங்கிவிடுங்கள். வரைகலை அமர்வு ஓடிக்கொண்டிருக்கும்போது லாகின்டியை மட்டும் மறுதொடக்கம் செய்வது அமர்வைக் குலைக்கக்கூடும்.

மாற்றியும் பலிக்கவில்லை என்றால் டெஸ்க்டாப் குறுக்கே நிற்கிறது. கேடிஇ போன்றவை மூடி நிகழ்வைத் தாங்களே கையாள்வதாக லாகின்டியிடம் பூட்டு ஒன்றை எடுத்துவைக்கின்றன. 'சிஸ்டம்டி-இன்ஹிபிட்' கட்டளையை '--லிஸ்ட்' விருப்பத்துடன் ஓட்டினால் யார், எதற்காக, எந்தப் பூட்டை வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். அதில் மூடிக்கான பூட்டு டெஸ்க்டாப்பின் கையில் இருந்தால் அதன் அமைப்புச் சாளரத்தில்தான் மாற்ற வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். ஒரு நிரல் 'உறங்காதே' என்று தடைப்பூட்டு வைத்திருந்தாலும், மூடியைச் சாத்தினால் லாகின்டி அந்தத் தடையை மதிக்காமல் உறங்கிவிடும். இதுதான் இயல்பான அமைப்பு. பையில் வைத்த கணினி சூடாகிவிடக் கூடாது என்ற நியாயமான கவலை அதற்குக் காரணம். நீண்ட காப்புநகல் எடுக்கும்போது மூடியைச் சாத்த வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால், அந்த வேலையைச் 'சிஸ்டம்டி-இன்ஹிபிட்' வழியாக ஓட்டி, தடுக்க வேண்டிய வகையாக 'ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்' என்பதைக் கொடுங்கள். இந்தப் பூட்டை லாகின்டி எப்போதும் மதிக்கும். (கட்டளையில் கொடுக்கும்போது இந்தப் பெயரில் இடைக்கோடுகள் உண்டு.)

படி 4: உறங்கும் முன்னும் விழித்த பின்னும் வேலை செய்ய யூனிட் கோப்புகள்

இயங்குதள மட்டத்தில் செய்ய வேண்டிய வேலைகளுக்கு இதுதான் சரியான இடம். இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, உறங்கும் முன் செய்ய வேண்டியது. தொலைவில் உள்ள சர்வரின் கோப்பகத்தை எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் அல்லது என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்திருப்பவர்களுக்கு (அதாவது தன் கணினியின் கோப்பகம்போல் இணைத்திருப்பவர்களுக்கு) உறக்கம் தோல்வியடைவது வாடிக்கை. சர்வர் பதில் சொல்லக் காத்திருக்கும் நிரல் ஒன்று கர்னலின் உள்ளே சிக்கியிருந்தால் அதை உறைய வைக்க முடியாது. கர்னல் 20 நொடி பொறுத்துப் பார்க்கும். பிறகு உறக்கத்தையே கைவிட்டுவிடும். மூடிய கணினி பைக்குள் விழித்துக்கொண்டே இருக்கும். ஆகவே உறங்கும் முன் அந்த மவுண்டைக் கழற்றிவிட வேண்டும்.

'/இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்' கோப்பகத்தில் ஒரு சர்வீஸ் கோப்பை உருவாக்குங்கள். 'யூனிட்' பகுதியில் 'பிஃபோர்' என்பதற்கு 'ஸ்லீப்.டார்கெட்' என்று கொடுங்கள். 'சர்வீஸ்' பகுதியில் 'டைப்' என்பதற்கு 'ஒன்ஷாட்'. 'எக்ஸெக்-ஸ்டார்ட்' என்பதற்கு மவுண்டைக் கழற்றும் கட்டளை, முழுப் பாதையுடன். 'இன்ஸ்டால்' பகுதியில் 'வாண்டட்-பை' என்பதற்கும் 'ஸ்லீப்.டார்கெட்'. பிறகு 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அதைத் தொடர்ந்து 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்'. ஒன்ஷாட் என்று கொடுப்பதில் காரணம் இருக்கிறது: அந்தக் கட்டளை முடியும் வரை உறக்கம் காத்திருக்கும். அதே காரணத்தால், நேர வரம்பையும் நீங்களே வைத்துவிடுங்கள். 'டைம்அவுட்-ஸ்டார்ட்-செக்' என்பதற்கு 5 அல்லது 10 நொடி போதும். ஒன்ஷாட் சேவைக்கு இயல்பாக இந்த வரம்பு கிடையாது. பதில் தராத சர்வருக்காக மூடிய கணினி முடிவில்லாமல் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, விழித்த பின் செய்ய வேண்டியது. சில கணினிகளில் டச்பேட் உறக்கத்துக்குப் பின் அசையாது. அதன் டிரைவரை இறக்கி மீண்டும் ஏற்றினால் உயிர்பெறும். பழைய வகை டச்பேடுகளுக்கு அந்த மாட்யூலின் பெயர் 'பிஎஸ்மவுஸ்'. இதற்கான சர்வீஸ் கோப்பில் 'ஆஃப்டர்' என்பதற்கும் 'வாண்டட்-பை' என்பதற்கும் 'சஸ்பென்ட்.டார்கெட்' என்று கொடுங்கள். படி 2இல் சொன்னபடி, அந்த டார்கெட் நிறைவேறும்போது கணினி விழித்திருக்கும். ஹைபர்னேட்டும் பயன்படுத்துபவர்கள் 'ஹைபர்னேட்.டார்கெட்' பெயரையும் இரண்டு இடங்களிலும் சேர்த்துவிடுங்கள்.

விழித்தவுடன் ஓடும் யூனிட்டில் இணையம் தேவைப்படும் எதையும் வைக்காதீர்கள். அந்தக் கணத்தில் வைஃபை அட்டை இப்போதுதான் மின்சாரம் பெற்றிருக்கும். ரவுட்டரோடு பேசி முகவரி வாங்க இன்னும் சில நொடிகள் ஆகும். 'ஸ்லீப் 10' என்று காத்திருப்பைச் செருகும் குறிப்புகளை நிறையப் பார்க்கலாம். வீட்டில் அது பலிக்கும். ரயிலில் போகும்போது பலிக்காது. இணைப்பு கிடைத்த பிறகு செய்ய வேண்டியதை நெட்வொர்க்மேனேஜரின் 'டிஸ்பேச்சர்.டி' கோப்பகத்தில் ஸ்கிரிப்டாக வையுங்கள். இணைப்பு எழும்பியதும் அது 'அப்' என்ற சொல்லுடன் அழைக்கப்படும். காலத்தை ஊகிப்பதற்குப் பதில் நிகழ்வுக்காகக் காத்திருப்பது எப்போதும் மேல்.

உறக்க ஸ்கிரிப்டுகளுக்கான '/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப்' கோப்பகத்தைப் பலரும் முதல் தீர்வாகச் சொல்கிறார்கள். அங்கே வைக்கும் ஸ்கிரிப்டுக்கு முதல் அளவுருவாக 'ப்ரீ' அல்லது 'போஸ்ட்', இரண்டாவதாக உறக்கத்தின் வகை கிடைக்கும். எழுத எளிதுதான். ஆனால் அங்குள்ள ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அவற்றுக்குள் வரிசை கிடையாது. ஒன்று தாமதித்தால் மொத்த உறக்கமும் தாமதிக்கும். மேலும், 2024இல் வந்த சிஸ்டம்டி 256 முதல், உறக்கத்தின்போது பயனர் அமர்வுகளில் உள்ள நிரல்கள் அனைத்தும் முன்கூட்டியே உறைய வைக்கப்படுகின்றன. டெஸ்க்டாப் நிரல் ஒன்றிடம் பதில் எதிர்பார்க்கும் ஸ்கிரிப்ட் இப்போது அங்கே சிக்கிக்கொள்ளும். கர்னல் அமைப்பு ஒன்றைத் தட்டிவிடுவது போன்ற, யாரையும் சாராத சிறு வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

படி 5: உங்கள் நிரலுக்கு உறக்கத்தைக் கற்றுக்கொடுத்தல்

நிரல் எழுதுபவர்கள் மேலே உள்ள எதையும் பயனரின் கணினியில் நிறுவக் கூடாது. லாகின்டியோடு டி-பஸ் வழியாக நேரடியாகப் பேச வேண்டும்.

நிரல் தொடங்கியதும் 'பிரிப்பேர்-ஃபார்-ஸ்லீப்' அறிவிப்புக்குப் பதிவு செய்யுங்கள். அடுத்து, லாகின்டியின் 'இன்ஹிபிட்' முறையை அழையுங்கள். தடுக்கும் பொருள் 'ஸ்லீப்', முறை 'டிலே'. பதிலாக ஒரு கோப்பு விளக்கி எண் (ஃபைல் டிஸ்கிரிப்டர்) கிடைக்கும். அது திறந்திருக்கும் வரை, உறங்கும் முன் உங்களுக்காகக் கணினி சற்றுக் காத்திருக்கும். அறிவிப்பு 'ட்ரூ' என்று வந்ததும் சேமிக்க வேண்டியதைச் சேமித்து, அந்த எண்ணை மூடிவிடுங்கள். 'ஃபால்ஸ்' என்று வந்ததும் பூட்டை மறுபடி எடுத்துவையுங்கள். எடுக்க மறந்தால் முதல் உறக்கம் மட்டும் சரியாகவும் அடுத்தவை தவறாகவும் நடக்கும். சோதனையில் சிக்காமல் நழுவும் பிழை இது.

காத்திருப்பின் உச்சவரம்பு இயல்பாக 5 நொடி. அதற்குள் முடியாத வேலையை உறங்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்திருப்பதே வடிவமைப்புப் பிழை. ஆவணத்தை அவ்வப்போது சேமித்துக்கொண்டே இருங்கள். உறக்க அறிவிப்பு வரும்போது மிச்சம் மீதி மட்டும் இருக்க வேண்டும். இதே நிரலை விண்டோஸுக்கும் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு அங்கே ஏறக்குறைய 2 நொடிதான் கிடைக்கும். மேக்கில் 30 நொடி வரை பொறுப்பார்கள். குறைந்ததற்கு ஏற்ப எழுதுங்கள்.

பூட்டு எண்ணைக் குழந்தைச் செயல்முறைகளுக்குக் கசியவிடாதீர்கள். நிரல் வேறொரு நிரலைத் தொடங்கும்போது அந்த எண்ணும் கூடவே போனால், நீங்கள் மூடினாலும் அது வேறிடத்தில் திறந்தே இருக்கும். ஒவ்வோர் உறக்கத்திலும் பயனர் 5 நொடியை இழப்பார். புதிய நிரல் தொடங்கும்போது (எக்ஸெக்) எண்ணைத் தானாக மூடும் 'க்ளோஸ்-ஆன்-எக்ஸெக்' கொடியை மறக்காமல் வையுங்கள்.

விழித்த பிறகு நிரல் என்ன செய்ய வேண்டும்? என் கருத்தில், உறங்கும் முன் செய்வதைவிட இதுதான் கடினம். உறக்கத்துக்கு முன் உண்மையாக இருந்த எதுவும் இப்போது உண்மை என்று கொள்ளக் கூடாது.

காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் 'க்ளாக்_மோனோடோனிக்' என்ற கடிகாரம் உறக்க நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'க்ளாக்_பூட்டைம்' சேர்க்கிறது. உள்நுழைவுச் சான்று ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் என்பதை முதல் கடிகாரத்தால் அளந்தால், எட்டு மணி நேரம் உறங்கி எழுந்த கணினி அந்தச் சான்று இன்னும் செல்லும் என்று நம்பிக்கொண்டிருக்கும். வெளியுலகத்தோடு தொடர்புடைய காலக்கெடுவுக்குப் பூட்டைம். நிரலின் உள்வேலைகளுக்கு, அதாவது 'இந்தக் கணக்கீடு 30 நொடிக்கு மேல் ஓடக் கூடாது' என்பது போன்றவற்றுக்கு மோனோடோனிக். இவ்விரண்டு கடிகாரங்களின் வித்தியாசம் கணினி மொத்தம் எவ்வளவு நேரம் உறங்கியது என்பதைத் தரும். டி-பஸ் இல்லாத சூழலிலும், இந்த வித்தியாசம் கூடியிருக்கிறதா என்று பார்த்து இடையில் ஓர் உறக்கம் நடந்ததைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து இணைப்புகள். உறக்கத்தின்போது டிசிபி இணைப்பு உங்கள் பக்கம் திறந்தே இருக்கும். ஆனால் மறுமுனை சர்வரோ இடையில் உள்ள ரவுட்டரோ அதை எப்போதோ மறந்திருக்கும். அதில் தரவு வருமென்று காத்திருந்தால் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். விழிப்பு அறிவிப்பு வந்ததும் பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிதாக இணையுங்கள். முதல் முயற்சி தோற்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயலுங்கள்; அந்த இடைவெளியில் சற்று ஒழுங்கின்மையும் சேருங்கள். காலையில் ஓர் அலுவலகம் முழுவதும் மூடிகளைத் திறக்கும்போது எல்லாக் கணினிகளும் ஒரே கணத்தில் சர்வரை மொய்க்காமல் இருக்க இது உதவும். சாதனங்களும் அப்படித்தான்: வெளித் திரை கழற்றப்பட்டிருக்கலாம், யூஎஸ்பி ஒலிக்கருவி வேறு எண்ணோடு வந்திருக்கலாம். பட்டியலைப் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலைகளுக்குச் சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' அமைப்பு, கணினி அணைந்திருந்ததால் தவறிய முறையைப் பிறகு ஓட்டித்தருகிறது. நாள்-நேரம் குறித்த டைமர்களுக்கு மட்டும் இது பொருந்தும். 'வேக்-சிஸ்டம்' என்ற அமைப்பு உறங்கும் கணினியையே எழுப்பும். இரண்டாவதை மிக யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். பைக்குள் இருக்கும் கணினியை எழுப்புவதற்கு உங்கள் நிரலுக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 6: யார் எழுப்புகிறார்கள் என்று கண்டுபிடித்தல்

தானாகவே விழித்துக்கொள்ளும் கணினிக்கு, எழுப்பும் உரிமை பெற்ற சாதனங்களைப் பார்ப்பது முதல் வேலை. '/ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப்' கோப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் 'எனேபிள்டு' அல்லது 'டிசேபிள்டு' என்று இருக்கும். சாதனத்தின் குறும்பெயரை அதே கோப்பில் எழுதினால் நிலை மாறும். இன்னொரு முறை எழுதினால் பழையபடி திரும்பும். ஆகவே இதை ஸ்கிரிப்டில் வைத்தால் முதலில் தற்போதைய நிலையைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஒரே மவுஸை மட்டும் நிறுத்த வேண்டுமானால் யூடெவ் (சாதனங்கள் இணையும்போது அமைப்புகளைத் தரும் சேவை) விதி எழுதுவது நல்லது. அந்தச் சாதனத்தின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் பொருத்தி, அதன் 'பவர்/வேக்அப்' பண்புக்கு 'டிசேபிள்டு' என்று கொடுத்தால், மவுஸை எந்தத் துளையில் செருகினாலும் அது கணினியை எழுப்பாது. மூடிக்கான சாதனத்தை மட்டும் தொடாதீர்கள். கடைசியாக எழுப்பிய குறுக்கீட்டின் (சாதனம் சிபியுவுக்கு அனுப்பும் இன்டரப்ட் சைகை) எண் '/சிஸ்/பவர்/பிஎம்_வேக்அப்_ஐஆர்க்யூ' கோப்பில் இருக்கும். அதை '/ப்ராக்/இன்டரப்ட்ஸ்' பட்டியலோடு ஒப்பிட்டால் எந்தச் சாதனம் என்று தெரிந்துவிடும்.

படி 7: சோதனையும் பிழைதேடலும்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூடியைத் திறந்து மூடிச் சோதிப்பது அலுப்பான வேலை. 'ஆர்டிசிவேக்' கட்டளை, குறித்த நொடிக்குப் பின் கணினியை எழுப்பும். ஆனால் '-எம் மெம்' என்று கொடுத்தால் அது கர்னலிடம் நேரடியாகப் பேசிவிடும். லாகின்டி, யூனிட், ஸ்கிரிப்ட் எதுவும் ஓடாது. எழுதிய யூனிட் வேலை செய்யவில்லை என்று இதனால் பலர் தவறாக முடிவு கட்டுகிறார்கள். '-எம் நோ -எஸ் 60' என்று கொடுத்து அலாரத்தை மட்டும் வைத்துவிட்டு, பின்னர் 'சிஸ்டம்சிடிஎல் சஸ்பென்ட்' என்று தனியே உறங்கச் சொல்லுங்கள். இரண்டு விதமாகவும் சோதித்தால் இன்னொரு பயன் உண்டு: முதல் வழியில் சரியாக உறங்கி எழுந்து, இரண்டாம் வழியில் தோற்றால் குற்றவாளி கர்னலுக்கு மேலே உள்ள அடுக்குகளில் இருக்கிறது.

அடுத்து பதிவுகள். 'ஜர்னல்சிடிஎல் -கே' கட்டளையில் 'பிஎம்: சஸ்பென்ட் என்ட்ரி' என்ற வரியும் 'பிஎம்: சஸ்பென்ட் எக்ஸிட்' என்ற வரியும் ஜோடியாக வரும். இரண்டுக்கும் இடையில் இருப்பவற்றைப் படியுங்கள். கணினி எழாமல் அடித்து அணைத்திருந்தால் '-பி -1' சேர்த்து முந்தைய பூட்டின் பதிவைப் பாருங்கள். '/சிஸ்/பவர்/சஸ்பென்ட்_ஸ்டாட்ஸ்' கோப்பகத்தில் எத்தனை உறக்கம் வென்றது, எத்தனை தோற்றது, கடைசியாகத் தோற்ற சாதனம் எது, எந்தக் கட்டத்தில் தோற்றது என்று தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். மணிக்கணக்கில் இணையத்தில் தேடும் முன் இந்தக் கோப்பகத்தைத் திறந்து பாருங்கள்.

எழவே மறுக்கும் கணினிக்குக் கர்னலில் அருமையான கருவி ஒன்று இருக்கிறது: '/சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்'. இதில் 'ஃப்ரீசர்', 'டிவைசஸ்', 'பிளாட்ஃபார்ம்', 'பிராசஸர்ஸ்', 'கோர்' என்று ஐந்து படிகள். ஒவ்வொன்றும் உறக்க வரிசையில் அந்தக் கட்டம் வரை மட்டும் போய், 5 நொடி நின்று, திரும்பிவிடும். 'ஃப்ரீசர்' என்று எழுதிவிட்டு உறங்கச் சொல்லுங்கள். சரியாகத் திரும்பினால் அடுத்ததற்குப் போங்கள். 'ஃப்ரீசர்' நிலையில் தோற்றால் உறைய மறுக்கும் நிரல் இருக்கிறது. 'டிவைசஸ்' நிலையில் தோற்றால் ஏதோ ஒரு டிரைவர். ஐந்தும் வென்றும் உண்மையான உறக்கத்திலிருந்து எழவில்லையென்றால் ஃபர்ம்வேர் மீது சந்தேகம் கொள்ளலாம். பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். சோதனை முடிந்ததும் 'நன்' என்று எழுதி மீட்டுவிடுங்கள்.

டிரைவர்தான் என்று தெரிந்தால், மாட்யூல்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். திரைக்கான டிரைவர் மீது தனிக் கவனம் வையுங்கள். எஸ்3இல் கிராஃபிக்ஸ் அட்டையின் சொந்த நினைவகத்துக்கு மின்சாரம் நின்றுவிடும். அதில் இருந்ததை டிரைவர் முன்கூட்டியே வேறிடத்தில் பத்திரப்படுத்தாவிட்டால் விழித்தபின் படங்கள் சிதைந்து தெரியும். என்விடியாவின் டிரைவரில் இதற்கென ஒரு மாட்யூல் அமைப்பும் 'என்விடியா-சஸ்பென்ட்', 'என்விடியா-ரெஸ்யூம்' என்ற சேவைகளும் இருக்கின்றன; அவை இயக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

'பிஎம்_ட்ரேஸ்' என்ற கருவியும் உண்டு. தொங்கிப்போன இடத்தின் அடையாளத்தை, அணைத்தாலும் அழியாத கணினிக் கடிகாரத்தில் எழுதி வைக்கும். அதன் விளைவாகக் கணினியின் தேதி கன்னாபின்னாவென்று மாறிவிடும். மற்ற வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகு மட்டும் இதைத் தொடுங்கள். பயன்படுத்தியபின் நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

படி 8: நெடுநேர உறக்கத்துக்கு ஹைபர்னேட்டைச் சேர்த்தல்

எஸ்2ஐடில் உங்கள் பேட்டரியைத் தின்றால், 'சஸ்பென்ட்-தென்-ஹைபர்னேட்' நல்ல மாற்று. முதலில் சஸ்பென்ட், குறித்த நேரம் கழித்துக் கணினி தானே சற்று விழித்து, நினைவகத்தை வட்டில் எழுதி, முழுவதும் அணைந்துவிடும். நேரத்தை 'ஸ்லீப்.கான்ஃப்' கோப்பில் 'ஹைபர்னேட்-டிலே-செக்' அமைப்பில் கொடுக்கலாம். மூடிக்கான கொள்கையிலும் இதே பெயரை மதிப்பாக வைக்கலாம்.

இதற்குப் போதிய ஸ்வாப் இடம் (நினைவகத்தில் உள்ளதை எழுத வட்டில் ஒதுக்கிய பகுதி) வேண்டும். ராம் அளவுக்கு இருந்தால் கவலையில்லை. ஸ்வாப் எங்கே என்று கர்னலுக்கு 'ரெஸ்யூம்' அளவுருவில் சொல்வது பழைய முறை. ஸ்வாப் கோப்பாக இருந்தால் அதன் இடப்பெயர்வு எண்ணையும் (ஆஃப்செட்) கூடவே தர வேண்டும். நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்கள் உள்பட அனைத்தும் வட்டில் எழுதப்படும் என்பதால் ஸ்வாப் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பது அவசியம். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் பெரும்பாலான பகிர்வுகளின் கர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது. இதைக் கோளாறு என்று எண்ணித் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியாக ஓர் அளவீடு செய்துவிடுங்கள். படி 4இல் எழுதியது போன்ற இரண்டு சிறு யூனிட்டுகளை வைத்து, உறங்கும் முன்னும் விழித்த பின்னும் '/சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/எனர்ஜி_நவ்' கோப்பின் மதிப்பை நேரத்தோடு ஒரு பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். மதிப்பு மைக்ரோவாட்-மணியில் இருக்கும். சில கணினிகளில் அதற்குப் பதில் 'சார்ஜ்_நவ்' என்ற கோப்பு இருக்கும்; அதன் மதிப்பு மைக்ரோஆம்பியர்-மணி, ஆகவே பேட்டரியின் மின்னழுத்தத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஓர் இரவு உறக்கத்தின் வித்தியாசத்தை மணிநேரத்தால் வகுத்தால் உறக்கத்தின்போது கணினி இழுக்கும் சராசரி மின்சாரம் கிடைக்கும். அது ஒரு வாட்டுக்குக் கணிசமாகக் கீழே இருந்தால் கணினி உண்மையாகவே உறங்குகிறது. பல வாட் வந்தால் ஏதோ ஒரு சாதனம் விழித்துக்கொண்டிருக்கிறது. படி 6க்குத் திரும்புங்கள். கர்னல் குழுவினருக்குப் பிழை அறிக்கை அனுப்ப நேர்ந்தால் இந்த எண்ணையும், பிஎம்_டெஸ்டில் எந்தப் படி வரை வென்றது என்பதையும், கர்னலின் பதிப்பு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.